வானம் தெளிவாகத்தான் இருக்கிறது

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் எழுதுவது. நான் சௌக்கியம். மலையில் நீங்களும் அண்ணனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

நேற்று அண்ணன் குருவியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிய பிறகு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். இருப்பது ஒரே ஓர் அறை. அது திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. அவள் அப்பா போனபோதுகூட இப்படித் தோன்றவில்லை. அப்போது குருவி கைக்குழந்தை, அழுகையால் அறையை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

அவளைப் பிரிந்திருக்க எனக்கு ஆசையா? ஜன்னலைத் திறந்தால் எங்கள் சலவை ஆலையின் புகைபோக்கி. ஆஸ்பத்திரிப் போர்வைகளையும் ஓட்டல் விரிப்புகளையும் அவிக்கிற கொதிகலன் இரவு பகல் ஓய்வதில்லை. டாக்டர் முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிவிட்டார்: "பத்து வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு இளைப்பு ஆகாதும்மா. இந்தப் புகையில இருந்து வெளிய கொண்டு போங்க." மலைமேல் இருக்கிற பூங்காவின் கண்காணிப்பாளரே எனக்கு அண்ணனாக இருக்கும்போது வேறு எங்கே கொண்டு போவேன்?

பச்சை மூடி போட்ட பம்ப் காலையும் மாலையும். நீல பம்ப் மூச்சு முட்டும்போது மட்டும். நீல பம்ப் அடிக்கடி தேவைப்பட்டால் நிலைமை மோசமாகிறது என்று அர்த்தமாம். அப்படி ஆனால் உடனே எழுதுங்கள். பூங்காவின் முதலுதவி அறையையே நடத்துகிற உங்களுக்கு நான் பாடம் எடுக்கிறேன், பாருங்கள்.

மலையில் செல்போன் எடுக்காது, அலுவலகப் போனில் பேசினால் ஊழியர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள் என்று அண்ணன் சொன்னார். அதனால் கடிதமே எழுதுங்கள். நுணுக்கி நுணுக்கி நிறைய எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 26

என் அருமை நாத்தனாருக்கு,

உன் அண்ணி அநேக அன்புடன் எழுதுவது. இங்கே மூன்று பேரும் நலம். ஆமாம், மூன்று பேர்! இத்தனை வருஷமாக இரண்டு தட்டு கழுவிப் பழகிய கை, இப்போது மூன்றாவது தட்டைத் தேவையில்லாமல் இரண்டு தடவை கழுவுகிறது.

நாத்தனாரிடமிருந்து கடிதம் என்றால் மற்ற பெண்களுக்கு வயிற்றைக் கலக்குமாம். எனக்கு நீ குழந்தையையே அனுப்பியிருக்கிறாய். நான் கொடுத்துவைத்தவள்.

குருவி வந்த அன்று மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் காலை தோட்டக்காரர் ரோஜாப் பதியன்களுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்க்கப் போனாள். அதற்கு அடுத்த நாள் குழாயே அவள் கையில். இப்போது பூங்கா முழுக்க அவள் ராஜ்யம். டிக்கெட் கொடுப்பவர் அவளைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார், விளையாட்டுக்குத்தான். மத்தியானம் என் முதலுதவி அறைக்கு வந்து பஞ்சை உருட்டி டப்பாவில் அடுக்குகிறாள். முழங்கால் சிராய்த்துக்கொண்டு வந்த ஒரு பெரிய மனுஷரிடம், "அழாதீங்க, அத்தைக்கு மெதுவா மருந்து போடத் தெரியும்" என்றாள். அவர் அழுகையை மறந்து சிரித்தார்.

நேற்று என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, என்னை மாதிரியே உன் அண்ணனை மிரட்டிக் காட்டினாள். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். இந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டு எத்தனையோ காலமாயிற்று.

நீல பம்ப் பையிலேயே தூங்குகிறது. கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. நீ கவலையை விடு.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புள்ள அண்ணி


ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் இருவரின் நலத்தோடு என் செல்லத்தின் நலத்தையும் தெரிந்துகொள்ள ஆசை.

உங்கள் கடிதத்தை ஆலைக்கு எடுத்துப் போனேன். இஸ்திரிப் பகுதியில் என் பக்கத்து மேஜைக்காரி, எல்லோரும் அவளை இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவோம், சத்தமாகப் படிக்கச் சொன்னாள். நீராவி இரைச்சலில் கத்திப் படித்தேன். கண்ணாடி போட்டு மிரட்டிய இடத்தில் நான்கு மேஜைகள் சிரித்தன. "உன் அண்ணி தங்கம்டி" என்றாள் அக்கா. இதை உங்களிடம் சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன்.

நீல பம்ப் தூங்குகிறது என்று எழுதினீர்களே, அந்த வரியை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அவள் இங்கே இருந்தபோது அதை நான் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுப்பேன்.

ராத்திரியில் வேலை முடிந்து வந்ததும், பழக்கதோஷத்தில் அவள் மேல் இடிக்காமல் கட்டிலில் ஓரமாகப் படுக்கிறேன். பிறகுதான் நினைவு வருகிறது.

என்னைப் பற்றிக் கேட்கிறாளா? கேட்டால் எழுதுங்கள். கேட்காவிட்டால் எழுத வேண்டாம்.

உங்களுக்குப் பட்ட கடனை எப்படி அடைப்பேன் என்று தெரியவில்லை.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 30

அருமை நாத்தனாருக்கு,

எல்லோரும் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. வெயில் ஏறினால் ஊரே மலைக்கு வந்துவிடுகிறது. காட்சிமுனைக்குப் போகும் படிக்கட்டில் எறும்பு வரிசை மாதிரி ஆட்கள். மத்தியானத்துக்கு மேல் என் அறையில் உட்கார இடமில்லை. ஒருவருக்குத் தொண்டை கரகரப்பு, ஒருவருக்கு இருமல், ஆழமாக மூச்சு இழுத்தால் வலிக்கிறது என்கிறார் இன்னொருவர். நேற்று ஒரு அம்மாள், "நெஞ்சுக்குள்ள யாரோ ஈரத்துணியப் பிழியற மாதிரி இருக்கு" என்றாள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்புகிறேன். "படி ஏறிப் பழக்கமில்லாத ஜனங்க, எல்லாம் களைப்பு" என்கிறார் உன் அண்ணன். அதுதான் இருக்கும்.

இன்னொரு வேடிக்கை கேள். காற்றை அளக்கிற அரசாங்க அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து, காட்சிமுனையில் பெட்டி ஒன்றை நட்டுவிட்டுப் போயிருக்கிறாள். ஓசோன் அதிகம் என்கிறாளாம். உன் அண்ணன் விடுவாரா? "ஓசோன் குறைஞ்சா உலகமே அழிஞ்சிரும்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம். நம்ம பூங்காவுல அது ஜாஸ்தியா இருக்குன்னா நல்லதுதானேம்மா? டிக்கெட் விலையை ஏத்திடலாம்!" என்றார். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. என் அறைக்கும் வந்து, குருவியைப் பார்த்து, ஏதேதோ சொல்லிவிட்டுப் போனாள். படித்தவர்கள் பேச்சு, எனக்குப் பாதி புரியவில்லை.

கேட்கிறாளா என்று எழுதியிருந்தாயே. கேட்கிறாள். காட்சிமுனையில் காசு போட்டுப் பார்க்கிற தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. "அதுல அம்மா ஊரு தெரியுமா அத்தை?" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை, தெரியும் என்று சொல்லிவிட்டேன். மூன்று மணி ஆனால் போதும், ஓடிவிடுகிறாள். ஏதோ ஒரு புகைபோக்கியைப் பார்த்துவிட்டு வந்து, அம்மாவைப் பார்த்தேன் என்கிறாள். நானும் சரி என்கிறேன்.

வானம் அவ்வளவு தெளிவாக இருக்கிறது இப்போது. துடைத்துவைத்த மாதிரி நீலம்.

அன்புள்ள அண்ணி


மே 12

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். உங்கள் நலமே என் நலம்.

ஒரு நல்ல செய்தி. ஆலையிலிருந்து தள்ளி, ஆற்றங்கரைப் பக்கம் ஓர் அறை கிடைத்திருக்கிறது. வேலைக்கு நடந்து போக வேண்டும், பரவாயில்லை. ஜன்னலைத் திறந்தால் புகைபோக்கி இல்லை, ஒரு பள்ளிக்கூடத்து மதில்தான். சுவருக்கு நானே வெள்ளையடித்தேன். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் முன் குருவியை அழைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். அண்ணனால் வர முடியாவிட்டால் நானே வருகிறேன்.

சென்ற வாரம் மனசு கேட்காமல் அலுவலகப் போனுக்குப் பேசினேன் அல்லவா? "அம்மா" என்றாள். அடுத்த வார்த்தை வருவதற்குள் இருமல். அப்புறம் நீங்கள் வாங்கிப் பேசினீர்கள். "தண்ணி புரையேறிடுச்சு" என்றீர்கள். புரையேறிய இருமலும் இளைப்பு இருமலும் எனக்குத் தெரியாதா, அண்ணி? ஆனால் இரைச்சலில் எனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லையோ என்னவோ. நீங்கள் பக்கத்திலிருந்து பார்ப்பவர்.

நீல பம்ப் எப்படி இருக்கிறது? ஒரு வரி எழுதுங்கள்.

நாத்தனார்


ஜூன் 14

அன்பு நாத்தனாருக்கு,

இங்கே சுகம். உன் உடம்பைக் கவனித்துக்கொள்கிறாயா?

இதைப் படித்து நீ வருத்தப்படக் கூடாது. யோசித்துப் பார்த்தால் உனக்கே நியாயம் புரியும். உன் அண்ணனும் நானும் கலந்து பேசி, குருவியை அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டோம். நல்ல பள்ளிக்கூடம். காலையில் பூங்கா வண்டியில் போய், மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறாள். உன்னிடம் கேட்டுவிட்டுச் சேர்க்கலாம் என்றால் இடம் போய்விடும் போல இருந்தது.

நீ காலையில் போனால் இருட்டியபின் வருகிறாய். அங்கே அவளை யார் பார்ப்பது? நீ வெள்ளையடித்த சுவரா பார்க்கும்? கோபப்படாதே, உள்ளதைச் சொல்கிறேன். வளர்கிற பெண் பிள்ளை. ஒரு வீடு என்று இருந்தால் அதில் ஆள் இருக்க வேண்டும்.

இதைச் சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை. போன வாரம் தூக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றாள். நான் அத்தை என்று திருத்தவில்லை. தூங்குகிற குழந்தையை எதற்கு எழுப்ப வேண்டும்?

பம்ப் இருக்கிற இடத்தில் இருக்கிறது.

அன்புள்ள அண்ணி


ஜூன் 19

அண்ணிக்கு,

நலம்.

கடிதத்தை ஆலையில் சத்தமாகப் படிக்கவில்லை. அக்கா கேட்டதற்கு, கண்ணில் சோப்புத்தூள் விழுந்துவிட்டது என்று சொன்னேன்.

நீங்கள் சொல்வது நியாயம்தான். என்னால் வீட்டில் உட்கார முடியாது. இந்த ஒரு வருடம் அங்கேயே படிக்கட்டும். ஜூலையில் லீவு கேட்டிருக்கிறேன், வந்து பார்த்துவிட்டுப் போகிறேன். அவளுக்கு ஒரு கவுன் தைத்திருக்கிறேன். நீங்கள் சதை போட்டிருக்கிறது என்று எழுதியதால் இரண்டு விரல் அகலமாக வைத்துத் தைத்தேன்.

நாத்தனார்


ஜூன் 23

அருமை நாத்தனாருக்கு,

நலமே. உன் கடிதம் கிடைத்த கையோடு இதை எழுதுகிறேன், தபால்காரர் வாசலில் காத்திருக்கிறார்.

ஜூலையில் வராதே அம்மா. மலைப்பாதையில் வேலை நடக்கிறது, பஸ் பாதி வழியில் இறக்கிவிடுகிறது. தவிர இப்போதுதான் பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஒட்டியிருக்கிறாள். உன்னைப் பார்த்தால் அழுவாள், நீ போனதும் இன்னும் அழுவாள். அழுதால் அவளுக்கு ஆகாது என்று உனக்கே தெரியும். பாதை சரியானதும், செப்டம்பரில் நிதானமாக வா. கவுனை யாராவது வந்தால் கொடுத்தனுப்பு.

அண்ணி


ஆகஸ்ட் 22

அண்ணிக்கு,

ஜூலையில் இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. அலுவலகப் போனை யார் எடுத்தாலும், கண்காணிப்பாளர் வெளியே போயிருக்கிறார் என்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி அக்கா குடும்பத்தோடு வேன் பிடித்து உங்கள் பூங்காவுக்கு வந்தாள். கவுனை அவளிடம்தான் கொடுத்தனுப்பினேன். வேன் வாசல் வரை வந்ததாம். பாதையில் எந்த வேலையும் நடக்கவில்லையாம்.

அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன், என் வார்த்தை ஒன்றுகூட இல்லை.

"படிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்துல ஒரு பலகை, செவத்தைப் பாத்துத் திரும்பி நின்னுச்சு. என்னடான்னு திருப்பிப் பாத்தேன். இன்னைக்கு மத்தியானம் காத்து மோசம், சின்னப் பிள்ளைங்க, வயசானவங்க, இளைப்பு இருக்கறவங்க மேல ஏறாதீங்கன்னு சிவப்பு எழுத்துல போட்டிருக்கு. வானமோ பளிங்கு மாதிரி இருக்கு. எங்க வீட்டுக்காரர் சிரிச்சுக்கிட்டே ஏறினார். பாதியிலயே நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உட்காந்துட்டார். உன் அண்ணி ரூமுக்குத்தான் கூட்டிட்டுப் போனோம். நான் யாருன்னு சொல்லி, குருவியப் பாக்கணும்னேன். மூஞ்சி மாறிப்போச்சு. தூங்கறா, எழுப்ப வேண்டாம்னாங்க. கவுனை வாங்கி வச்சுக்கிட்டாங்க. உள்ள இருந்து இருமல் கேட்டுச்சுடி. கெழவன் இருமற மாதிரி. திரைக்கு அடியில கால் மட்டும் தெரிஞ்சுச்சு. குச்சி மாதிரி இருக்கு. அந்தக் கவுனுக்குள்ள ரெண்டு குருவி போகும்."

அக்கா பொய் சொல்கிறவள் இல்லை. நீங்களும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

எனக்கு உடனே பதில் வேண்டும். இல்லையென்றால் லீவு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் புறப்பட்டு வருகிறேன்.

குருவியின் அம்மா


ஆகஸ்ட் 29

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. பதறாமல் படி. ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன், தபாலை நம்பவில்லை. எல்லாவற்றையும் எழுதிவிடுவது நல்லது என்பதால் போனில் பேசவில்லை.

குருவி அடிவாரத்து ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள். உயிருக்குப் பயமில்லை என்று இன்று காலைதான் சொன்னார்கள்.

முந்தாநாள் மத்தியானம் பூங்காவில் நல்ல கூட்டம். உன் அண்ணி, மயங்கி விழுந்த ஒரு பெரியவரைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறாள். இவள் யாரிடமும் சொல்லாமல் காட்சிமுனைக்கு ஏறிவிட்டாள். அந்தத் தொலைநோக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்ததாக ஐஸ்கிரீம் விற்பவர் சொன்னார். கையில் பம்ப் இருந்தது, ஆனால் காலி. அந்த மாதம் வாங்கியதிலேயே மூன்றாவது அது என்று மருந்துக்கடைக்காரன் சொல்லித்தான் எனக்கே தெரியும். உன் அண்ணி என்னிடம்கூடச் சொல்லவில்லை.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. வானம் அன்றைக்குக் கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருந்தது.

நீ வந்ததும் டாக்டர்கள் துருவித் துருவிக் கேட்பார்கள். பிள்ளைக்கு இளைப்பு கூடவே பிறந்தது, ஊரில் வீட்டுக்கு எதிரே புகைபோக்கி, அந்தப் புகையைக் குடித்து வளர்ந்தவள் என்று சொல். அதெல்லாம் உண்மைதானே. பூங்காவை இதற்குள் இழுக்காதே. பத்திரிகைக்காரன் எவனாவது எழுதிவிட்டால் நானும் என்னை நம்பியிருக்கிற ஊழியர்களும் தெருவில்தான் நிற்க வேண்டும். அண்ணனுக்காக இதைச் செய்.

உன் அண்ணி சாப்பிட்டு இரண்டு நாளாகிறது. வந்த இடத்தில் அவளை ஒன்றும் சொல்லாதே.

அண்ணன்


நவம்பர் 3

அருமை நாத்தனாருக்கு,

உன் நலத்தையும் என் கண்மணியின் நலத்தையும் அறிய ஏங்குகிறேன். என் நலத்தை எழுத ஒன்றுமில்லை. எனக்கும் இப்போது மத்தியானங்களில் இருமல் வருகிறது.

நீ அவளை ஆஸ்பத்திரியிலிருந்தே ஊருக்குக் கூட்டிப்போய் ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகிவிட்டது. வராந்தாவில் என்னைத் தாண்டிப் போனாயே, ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அவள் என் பக்கம் கை நீட்டினாள். நீ அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாய். அதை நான் பார்த்தேன்.

நான் என்ன விஷமா வைத்தேன்? நான் டாக்டரா? ஓசோனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ராத்திரி ராத்திரியாக அவளை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அது யாருக்குத் தெரியும்? நீ ஒரு நாளாவது அப்படி உட்கார்ந்திருப்பாயா? எனக்குக் குழந்தை இருந்திருந்தால் இப்படியெல்லாம் கேட்டிருப்பீர்களா?

கோபத்தில் எழுதிவிட்டேன். கிழித்துப் போட்டு வேறு எழுதலாம் என்றால் கையில் தெம்பில்லை.

அவளுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னி அனுப்பியிருக்கிறேன். கழுத்து கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் சொல், பிரித்துப் பின்னித் தருகிறேன். அவள் கையால் ஒரு வரி போதும். "அத்தை" என்ற ஒரு சொல் எழுதினால் போதும். என்னை வரச் சொன்னால் இந்த நிமிஷமே வருகிறேன். வாசலிலிருந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.

உன் அண்ணி


ஜனவரி 11

அண்ணிக்கு,

நானும் குருவியும் ஆற்றங்கரை வீட்டில் நலம். நீங்கள் அங்கே நலமாக இருக்க வேண்டும். சும்மா எழுதவில்லை, மனதாரத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் போட்ட ஆறு கடிதங்களும் வந்தன. பதில் போடாதது தப்பு. இன்றைக்கு லீவு, நிதானமாக எழுதுகிறேன்.

காற்றுப் பெட்டி வைத்த பெண் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். குருவியைக் காட்சிமுனையில் பல தடவை பார்த்திருக்கிறாளாம், பழங்கள் வாங்கி வந்தாள். நான் கேட்டேன். அவள் எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னாள். "கீழ ஊர்கள்ல வண்டிகளும் ஆலைகளும் விடற புகை காத்தோட மேல வருதுக்கா. வழியெல்லாம் வெயில் பட்டு அது ஓசோனா மாறுது. உசரத்துல வானத்துல இருக்கற ஓசோன் நமக்குக் குடை. இது மூக்கு மட்டத்துல இருக்கறது, நுரையீரலுக்குள்ள வெயில் சுட்ட மாதிரி புண்ணாக்கிடும். கண்ணுக்குத் தெரியாது. வானம் பளிச்சுனு வெயில் காய்ஞ்சா, மத்தியானம் இன்னும் மோசம்." பிறகு, நான் கேட்காமலே சொன்னாள்: "உங்க அண்ணிகிட்ட ஏப்ரல் மாசமே சொன்னேனே. மத்தியானத்துல பிள்ளைய வெளிய விடாதீங்க, முடிஞ்சா அம்மாகிட்ட அனுப்பிடுங்கன்னு. நல்லாப் புரிஞ்சுக்கிட்டாங்க. 'அனுப்பினா திரும்ப வர மாட்டாளே'ன்னு கேட்டாங்க. அப்ப எனக்கு ஏன்னு தெரியல."

பாதி புரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் கேட்ட கேள்வியைப் பார்த்தால் முழுக்கப் புரிந்த மாதிரிதான் இருக்கிறது.

குருவியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டு மாடி ஏற முடியவில்லை. வகுப்பை அவளுக்காகக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். வெயில் காய்கிற மத்தியானங்களில் ஜன்னலை மூடிவிட்டு உள்ளேயே இருக்கிறாள். மதிலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்கும்போது கையால் காதைப் பொத்திக்கொள்கிறாள். நுரையீரல் பழையபடி ஆகுமா என்று கேட்டால் டாக்டர் பேச்சை மாற்றுகிறார்.

உங்களைப் பற்றித் தினமும் கேட்டாள். அத்தை எப்ப வருவாங்க, அத்தைக்கு யாரு பஞ்சு உருட்டித் தருவாங்க. என்னிடம் கோபம் வந்தால் "நான் அத்தைகிட்டப் போறேன்" என்பாள். ஸ்வெட்டரை மோந்து பார்த்துக்கொண்டே தூங்குவாள். உங்களைத் திட்டிப் பார்த்தேன், அவள் என்னை முறைத்தாள். உண்மையைச் சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. அத்தை அப்படிச் செய்ய மாட்டாங்க என்றாள்.

அதனால் போன மாதம் அவளிடம், நீங்கள் செத்துப்போய்விட்டதாகச் சொல்லிவிட்டேன்.

மூச்சு முட்டி என்று சொன்னேன். "அத்தைகிட்ட பம்ப் இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்புறம்தான் அழுதாள். அழுதால் இளைப்பு வரும் என்று எனக்குத் தெரியாதா? பம்பைக் கையில் தயாராக வைத்துக்கொண்டுதான் சொன்னேன். நான்கு நாள் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் என்னிடம் வந்து, மடியில் படுத்துக்கொண்டு, "நீ செத்துடாதம்மா" என்றாள். இப்போது என்னைவிட்டு நகர்வதில்லை. உங்களைப் பற்றிக் கேட்பதும் இல்லை. ஸ்வெட்டரை இஸ்திரி அக்கா பேத்திக்குக் கொடுத்துவிட்டேன்.

அண்ணனுக்கு இது தெரியும். இதற்காகவே நேரில் வரச் சொல்லிக் கேட்டேன். வந்து, பூங்காவைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்காமல் இருந்தால் போதும், மற்றதெல்லாம் என் இஷ்டம் என்றார். சம்மதித்தேன். அந்தப் பலகை இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறதாம். இந்த ஞாயிற்றுக்கிழமையும் யார் யார் பிள்ளைகளோ மேலே ஏறுவார்கள். எனக்கு என் பிள்ளை போதும். இதில் நானும் உங்களைப் போலத்தான் ஆகிவிட்டேன், இல்லையா?

அவர் குருவியைப் பார்க்கும்போது மனைவியைப் பறிகொடுத்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளச் சொன்னேன். நன்றாகவே வைத்துக்கொண்டார். குருவி அவர் கையைத் தடவிக்கொடுத்தாள். மலைக்குத் திரும்பி உங்களிடம் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்.

இனிமேல் எழுதாதீர்கள். உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் அவளுக்கு அடையாளம் தெரியும். போனவர்களிடமிருந்து கடிதம் வந்தால் குழந்தை பயந்துவிடும்.

இருமல் என்று எழுதியிருந்தீர்கள். அலட்சியமாக விடாதீர்கள், நல்ல டாக்டராகப் பாருங்கள். நீங்கள் ரொம்ப நாள் இருக்க வேண்டும், அண்ணி.

உங்கள் நாத்தனார்